இந்தப் பலகையை யார் வரைந்தது?



இலக்கணக் குறிப்புகளும் கட்டுரைப் பயிற்சிகளுமாகவே இப்பக்கத்தை நிரப்பி வந்த நான், இன்று முற்றிலும் வேறான ஒன்றை எழுத அமர்ந்திருக்கிறேன். என் மேசையின் மீது ஒரு சிறிய பலகை இருக்கிறது. 5 செண்டிமீட்டர் நீளம், 4 செண்டிமீட்டர் அகலம். ஒரு பக்கத்தில் கோணல்மாணலாகச் செம்புக் கோடுகள் ஓடுகின்றன. ஒரு சிவப்பு விளக்கும் ஒரு பச்சை விளக்கும் மாறிமாறிக் கண் சிமிட்டுகின்றன. வேறு எதையும் அது செய்யாது. கடையில் இதைவிட அழகான விளையாட்டுப் பொருளை மூன்று வெள்ளிக்கு வாங்கிவிடலாம். ஆயினும், நாற்பத்தாறு வயதில் நான் என் கையாலேயே வரைந்து, அரித்து, துளையிட்டு, பற்றவைத்த முதல் மின்சுற்றுப் பலகை இது. அதன் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கதை வகுப்பறையில் தொடங்குகிறது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடத்தில் மின்சுற்று கற்பித்துக்கொண்டிருந்தேன். தொடர் மின்சுற்று, இணைகர மின்சுற்று, உலர் மின்கலம், விசை, மின்குமிழ் எல்லாம் நடத்தி முடித்தபின், பழுதான பழைய வானொலி ஒன்றை எடுத்துவந்து பிரித்துக் காட்டினேன். உள்ளே இருந்த பழுப்புப் பலகையை மாணவர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். பின்வரிசையில் எப்போதும் அமைதியாக இருக்கும் ஒரு மாணவன் அதைத் திருப்பிப் பிடித்து, வளைந்து வளைந்து ஓடிய செம்புக் கோடுகளை விரலால் தொட்டுக்கொண்டே கேட்டான்: “சார், இந்தக் கோடெல்லாம் யார் வரைஞ்சது?”

“இயந்திரம் செய்திருக்கும்” என்று சொல்லிவிட்டேன். அவன் தலையாட்டினான். எனக்குத்தான் அந்த விடை உறுத்தியது. அச்சடிப்பது இயந்திரமாக இருக்கலாம். ஆனால் இந்தக் கோடு இப்படி வளைய வேண்டும், அந்தக் கோடு அங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவர் ஒரு மனிதர் அல்லவா? அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதைவிட வெட்கம், நான் அப்படிப்பட்ட பலகைகளால் வளர்க்கப்பட்டவன் என்பது.

நான் பிறந்தது பீடோங் அருகே ஓர் இரப்பர்த் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். இரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது, ஆள் குறைப்பு வந்தது. 1986-ஆம் ஆண்டு அம்மா தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கினார். விடியற்காலை ஐந்தேகாலுக்குத் தோட்டத்து முச்சந்தியில் தொழிற்சாலைப் பேருந்து வந்து நிற்கும். லயத்துப் பெண்கள் பதினைந்து இருபது பேர் இருட்டில் ஏறிப் போவார்கள். இரவு வேலை வாரங்களில், நான் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில்தான் அம்மா வந்து இறங்குவார். கெடாவின் தோட்டப்புறங்களில் வளர்ந்த என் வயதினர் பலருக்கும் இக்காட்சி மறக்காது. 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கப்பட்டது முதல், மின்னணுத் தொழில் பெருநிலத்திற்கும் கெடாவுக்குமாகப் பரவியது. 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பால் வாளியைத் தூக்கிய கைகள் பலகையில் பாகங்களைச் செருகக் கற்றுக்கொண்டன.

அம்மா 2004 வரை பதினெட்டு ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார். அந்த வருமானத்தில்தான் நான் ஆசிரியர் கல்லூரிக்குப் போனேன். அவ்வாறிருந்தும், அவர் அங்கே என்ன செய்தார் என்று நான் ஒருநாளும் முறையாகக் கேட்டதில்லை.

அந்த மாணவனின் கேள்வியோடு பள்ளி விடுமுறை வந்தது. நானே ஒரு பலகையை வரைந்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

இப்போதெல்லாம் கணினியில் வரைந்து, கோப்பை அனுப்பினால், சீனத்துத் தொழிற்சாலை ஒன்று அச்சடித்து அஞ்சலில் அனுப்பிவிடும். அதற்கான இலவச மென்பொருள்களும் உள்ளன. ஆனால் ஒருமுறையேனும் கையால் செய்யாமல் அவனுக்கு விடை சொல்ல முடியாது என்று எனக்குப் பட்டது. கணக்குத் தெரியாதவனிடம் கணிப்பானைக் கொடுப்பது போலாகிவிடும்.

முதலில் இந்தப் பலகை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். பால் ஐஸ்லர் என்பவர் 1907-இல் வியன்னாவில் பிறந்த யூதப் பொறியாளர். நாட்டில் பாதுகாப்பு இல்லாமற்போகவே 1936-இல் இலண்டனுக்குச் சென்றார். அக்காலத்து வானொலிப் பெட்டிக்குள் கம்பிகள் சிக்கிக் கிடக்கும். ஒவ்வொன்றையும் கையால்தான் பற்றவைக்க வேண்டும். நாளிதழை அச்சடிப்பதுபோல் கம்பிகளையும் ஏன் தகட்டில் அச்சடிக்கக் கூடாது என்று அவர் எண்ணினார். தாம் தங்கியிருந்த அறையிலேயே ஒரு வானொலியைச் செய்தும் காட்டினார். அவர் அணுகிய நிறுவனம் ஒன்று அதை ஏற்கவில்லை. அந்த வேலையைச் செய்ய இளம்பெண்கள் இருக்கிறார்கள், அவர்களின் கூலி இதைவிட மலிவு என்பதே தமக்குச் சொல்லப்பட்ட காரணம் என்று ஐஸ்லர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1943-இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் பீரங்கிக் குண்டுகளின் வெடிப்பொறிகளில் இம்முறையைப் பயன்படுத்தினார்கள். 1948-க்குப் பிறகே அது பொதுத் தொழிலுக்கு வந்தது.

பெண்களின் விரல்கள் மலிவு என்ற அந்த வரியைப் படித்தபோது, நான் சற்று நேரம் மேலே படிக்கவில்லை. ஐந்தேகால் மணிப் பேருந்து கண்முன் வந்து நின்றது.

எனக்கு ஏற்ற எளிய சுற்று எது? 555 என்ற எண்ணுடைய சில்லு. ஹான்ஸ் காமென்சிண்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1971-இல் வடிவமைத்து, 1972-இல் விற்பனைக்கு வந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் இன்றும் செய்யப்படுகிறது; விலையும் மிகக் குறைவு. அதன் உள்சுற்றுக்கான படலத்தைக் காமென்சிண்ட் கத்தியைக் கொண்டு தம் கையாலேயே வெட்டினார் என்பதை அறிந்தபோது எனக்குத் துணிவு பிறந்தது. பெரியவர்களும் கையால்தான் தொடங்கியிருக்கிறார்கள்!

ஒரு சில்லு, நான்கு மின்தடைகள், இரண்டு மின்தேக்கிகள், இரண்டு எல்.இ.டி. விளக்குகள் என மொத்தம் ஒன்பது பாகங்கள். அத்துடன் ஒரு 9 வோல்ட் மின்கலம். விளக்குகளின் வேகத்தை இரு மின்தடைகளும் ஒரு மின்தேக்கியும் முடிவு செய்கின்றன. 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோ ஃபாரட் என்று தேர்ந்தெடுத்தால், ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை சிமிட்டும். முதல் மின்தடையோடு இரண்டாவதின் இருமடங்கைக் கூட்டி, அதை மின்தேக்கியின் அளவால் பெருக்கி, வந்த விடையால் 1.44-ஐ வகுத்தால் ஒரு நொடிக்கு எத்தனை முறை என்பது கிடைக்கும். ஐந்தாம் ஆண்டு மாணவனே போடக்கூடிய கணக்கு.

கணக்கு எளிதாக முடிந்தது. வரைவதுதான் முடியவில்லை.

ஏட்டில் வரையும் சுற்றுப்படத்தில் ஒரு கோடு மற்றொரு கோட்டைக் கடந்து போகலாம். பலகையில் போக முடியாது. ஒரே பரப்பில் இரண்டு செம்புக் கோடுகள் தொட்டுக்கொண்டால் அவை ஒரே கோடாகிவிடும். 555 சில்லுக்கு எட்டுக் கால்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, 4. வலப்பக்கம் கீழிருந்து மேலாக 5, 6, 7, 8. இந்தச் சுற்றில் 2-ஆம் காலை 6-ஆம் காலோடு இணைக்க வேண்டும். 4-ஆம் காலை 8-ஆம் காலோடு இணைக்க வேண்டும். நேர்க்கோடாக வரைந்தால் இரண்டும் சில்லின் அடிவயிற்றில் மோதிக்கொள்ளும். தாளில் வரைந்து பாருங்கள், உங்களுக்கே புரியும்.

மூன்று மாலைப் பொழுதுகள் கட்டத்தாளில் வரைந்து வரைந்து அழித்தேன். அம்மா வெள்ளிக்கிழமைகளில் வாசலில் இடும் சிக்குக் கோலம் நினைவுக்கு வந்தது. ஆனால் கோலத்தில் கோடுகள் ஒன்றையொன்று தாராளமாகக் கடந்து போகும்; அதுவே அதன் அழகு. இங்கோ புள்ளிகள் உண்டு, கோடுகள் உண்டு, கடக்கும் உரிமை மட்டும் இல்லை. நான்காம் நாள்தான் விடை கிடைத்தது. 2-க்கும் 6-க்கும் இடையே உள்ள கோடு சில்லின் அடியில் போகட்டும். 4-இலிருந்து புறப்படும் கோடு கீழ்ப்பக்கமாகச் சுற்றி, 5, 6, 7 ஆகியவற்றுக்கு வெளியே நடந்து 8-ஐ அடையட்டும். அப்படியானால் 5-ஆம் கால் வேலிக்குள் சிக்கிக்கொள்ளுமே? சிக்காது. அதனோடு சேரும் மின்தேக்கிக்கு இரண்டு கால்கள் உள்ளன. ஒரு காலை வேலிக்கு உள்ளேயும் மறு காலை வெளியேயும் ஊன்றினால், மின்தேக்கியே பாலமாகிவிடும். பாகங்கள் பலகையின் மறுபக்கத்தில் நிற்பதால், அடியில் ஓடும் கோட்டை அது தொடாது. சாலைக்கு அடியில் வாய்க்கால் ஓடுவது போன்றதுதான்.

அந்த ஒரு தாண்டலைக் கண்டுகொண்ட இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வானொலிப் பலகையில் ஒவ்வொரு வளைவுக்கும் பின்னால் இப்படி ஒருவர் விழித்திருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது.

இனிச் செய்முறை. செம்புத் தகடு ஒட்டிய பலகையை நகரில் உள்ள மின்னணுப் பொருள் கடையில் வாங்கினேன். அதன் மேலுள்ள செம்பின் தடிப்பு பொதுவாக 35 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். கட்டத்தாளை மேலே ஒட்டி, துளை வரவேண்டிய இடங்களில் ஆணியால் மெல்லத் தட்டிப் புள்ளி வைத்தேன். சில்லின் இரு கால்களுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர்தான். பிறகு தாளை எடுத்துவிட்டு, அழியா மைப் பேனாவால் புள்ளிகளை இணைத்து வரைந்தேன். காய்ந்தபின் மேலே இன்னொரு முறை பூசினேன்.

அடுத்தது அரிப்பு. ஃபெரிக் குளோரைடு என்னும் இரும்பு உப்புக் கரைசலில் பலகையை இட்டால், மை மூடாத செம்பெல்லாம் கரைந்துபோகும். மை மூடிய கோடுகள் மட்டும் எஞ்சும். வீட்டின் பின்புறத்தில் காற்றோட்டமான இடத்தில், பழைய பனிக்கூழ் நெகிழிப் பெட்டியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு செய்தேன். இதற்கு உலோகப் பாத்திரம் ஆகாது. பெட்டியை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறத்தாழ அரை மணி நேரம் பிடித்தது. அம்மா கதவருகே நின்று பார்த்துவிட்டு, “என்னய்யா, பால் உறைய வைக்கிற மாதிரி ஆட்டிக்கிட்டு இருக்க?” என்று கேட்டார். தோட்டத்தில் இரப்பர்ப் பாலை ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைத்தவர் அல்லவா!

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பயன்படுத்திய கரைசலைக் கால்வாயில் ஊற்றவே கூடாது. அதில் கரைந்துள்ள செம்பு மீனுக்கும் நண்டுக்கும் நஞ்சு. சுங்கை பட்டாணியில் எங்கள் கால்வாய் நீர் கடைசியில் மெர்போக் ஆற்றையும் அதன் அலையாத்திக் காடுகளையும் சேர்கிறது. கரைசலை ஒரு நெகிழிப் புட்டியில் பெயரெழுதி மூடி வைத்திருக்கிறேன். இன்னும் சில பலகைகளுக்கு அது போதும். மாணவர்களை இந்தக் கரைசலின் பக்கமே விடுவதில்லை.

மையைத் துடைத்ததும் செம்புக் கோடுகள் மின்னின. 0.8 மில்லிமீட்டர் துளைமுனையால் துளையிட்டேன். இரண்டு முனைகளை உடைத்தேன். பாகங்களைச் செருகி, ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். இரவு பத்து மணி. மனம் நிறைய எதிர்பார்ப்போடு மின்கலத்தை இணைத்தேன்.

விளக்கு எரியவில்லை. சில நொடிகளில் ஏதோ சூடான வாடை வந்தது. சில்லைத் தொட்ட விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். மின்கலத்தைப் பிடுங்கிவிட்டு அமர்ந்தேன். சுற்றுப்படத்தைப் பத்து முறை சரிபார்த்தேன். பிழை எதுவும் தென்படவில்லை.

மறுநாள் காலையில் கோப்பி குடித்துக்கொண்டே அம்மா அந்தப் பலகையைக் கையில் எடுத்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அப்படிச் சாய்த்துப் பார்க்கும் விதத்திலேயே ஏதோ ஒரு பழக்கம் தெரிந்தது.

“இது மூணும் சரியா ஒட்டல. மேல மட்டும் உருண்டை கட்டி நிக்குது பார். காலும் சூடாகணும், செம்பும் சூடாகணும், அப்புறம்தான் ஈயம்” என்றார். பிறகு சில்லைக் காட்டி, “இதுக்கு வாய் எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

சில்லின் ஒரு முனையில் உள்ள அரைவட்டப் பள்ளத்தை அவர்கள் வாய் என்றுதான் சொல்வார்களாம். வாயை மேலே வைத்துப் பார்த்தால் இடப்பக்கம் முதலில் இருப்பது ஒன்றாம் கால். நான் காட்டினேன். அம்மா பலகையைத் திருப்பினார், மீண்டும் திருப்பினார்.

“நீ இந்தப் பக்கம் நின்னு பார்த்து வரைஞ்சிருக்க. செம்பு அந்தப் பக்கம்ல இருக்கு. உன் கோடெல்லாம் கண்ணாடியில பார்க்கிற மாதிரி மாறிப்போச்சு.”

அப்படியேதான்! பாகங்கள் நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்து வரைந்த படத்தை, இடவலம் மாற்றாமல் அப்படியே செம்புப் பக்கத்தில் இறக்கிவிட்டேன். ஒன்றாம் கால் இருக்க வேண்டிய இடத்தில் எட்டாம் கால். நேர்மின் வரவேண்டிய காலுக்கு எதிர்மின் போயிருக்கிறது. சில்லு வெந்ததில் வியப்பில்லை. மூன்று மாலைகளும் ஓர் இரவும் வீண் என்று எண்ணி, பலகையைக் குப்பையில் போட எழுந்தேன்.

“எதுக்குப் போடணும்? மத்ததுக்கெல்லாம் ரெண்டே காலு. இந்த லைட்டு எப்படியும் மாத்திக்கலாம். இது ஒண்ணைத்தான் கழட்டணும். கழட்டிட்டு, புதுசை செம்பு இருக்கிற பக்கமே வைச்சிடு. கவுத்துப் போட்டா எல்லாம் சரியாயிடும்.”

நான் வாயடைத்து நின்றேன். கண்ணாடிப் பிம்பத்தை மறுபக்கத்திலிருந்து பார்த்தால் அது நேராகிவிடும். வடிவியலில் நான் கற்பிப்பதுதான். ஆனால் அந்தக் காலை வேளையில் அதைக் கண்டது நான் அல்ல.

நல்லவேளையாகச் சில்லு இரண்டு வாங்கியிருந்தேன். அம்மாவே அமர்ந்தார். வெந்த சில்லைக் கழற்ற, ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னலை ஒவ்வொரு காலிலும் வைத்து எடுத்தார். பின்னர்ப் புதிய சில்லைச் செம்புப் பக்கத்திலேயே அமர்த்தி எட்டுக் கால்களையும் பற்றவைத்தார். அறுபத்தெட்டு வயது. கோப்பிக் குவளையைத் தூக்கும்போது நடுங்கும் கை, அந்த முனையைப் பிடித்தபோது நடுங்கவில்லை. ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மூன்று நொடிகள்தான். வைத்த இடம் தெரியாமல் பளபளவென்று படிந்தது.

வேலை செய்துகொண்டே பேசினார். முதல் ஆறு ஆண்டுகள் செருகும் வரிசை. ஒருவருக்கு ஐந்தாறு பாகங்கள். பலகை வரும், செருக வேண்டும், போகும். பிறகு ‘டச்சப்’ பகுதி. இயந்திரம் ஈயம் வைத்து அனுப்பும் பலகைகளில் விட்டுப்போனதை, தொட்டுக்கொண்டதைத் திருத்த வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே எட்டு மணி நேரம். மேல்வேலை இருந்தால் பன்னிரண்டு. கண் எரியும், கழுத்து மரத்துப்போகும். அவை எதற்கான பலகைகள் என்று கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்? எண் மட்டும்தான் இருக்கும். ரேடியோவா, மெஷினா, எதுவும் சொல்ல மாட்டாங்க. நாங்களும் கேட்கல.”

மின்கலத்தை இணைத்தேன். சிவப்பு. பச்சை. சிவப்பு. பச்சை.

அம்மா பலகையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “பதினெட்டு வருசத்துல எத்தனை போர்டு தொட்டிருப்பேன்! ஒண்ணுகூட எரிஞ்சு நான் பார்த்ததில்லைய்யா” என்றார்.

அன்பர்களே, இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இப்பதிவை எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாதது என்று எதுவும் பெரிதாக இல்லை. வாய் எது, கால் எது, எது ஒட்டியது, எது ஒட்டவில்லை, எதைக் கவிழ்த்தால் நேராகும் என்பதெல்லாம் தெரிந்தே இருந்தது. அது எதற்கு என்பது மட்டும் அவருக்குச் சொல்லப்படவில்லை. எங்கே கோடு போகலாம் என்று முடிவெடுக்கும் தாள் அவர் முன் வைக்கப்படவும் இல்லை.

இன்று கூலிமின் நிலை நாம் அறிந்ததே. 2024-ஆம் ஆண்டில் மட்டும், ஆஸ்திரியாவின் ஏ.டி. அண்ட் எஸ். நிறுவனம் சில்லுகளைத் தாங்கும் நுண்பலகைகளுக்கான ஆலையை அங்கே திறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெர்மனியின் இன்ஃபினியோன் நிறுவனம் சிலிக்கன் கார்பைடு சில்லுகளுக்கான புதிய ஆலையின் முதற்கட்டத்தைத் திறந்தது. ஐஸ்லர் விட்டுச் சென்ற நாட்டிலிருந்தே பலகைத் தொழில் நம் ஊருக்கு வந்திருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போவார்கள். போகட்டும், நல்லதே. பலகையைத் தொடும் வேலையாக இருந்தாலும், அதில் எந்த இழிவும் இல்லை. அந்த வேலைதான் என்னைப் படிக்க வைத்தது. ஆனால் “யார் வரைஞ்சது?” என்று கேட்ட ஒரு பிள்ளைக்கு, வரைவது உன்னாலும் ஆகும் என்று சொல்லாமல் விட்டால், அந்தக் குற்றம் தொழிற்சாலையைச் சேராது; என்னைத்தான் சேரும்.

பள்ளி திறந்ததும் வகுப்பில் ஒரு புதிர் கொடுத்தேன். மேலே மூன்று வீடுகள். கீழே ஒரு கிணறு, ஒரு கடை, ஒரு கோயில். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று இடங்களுக்கும் பாதை போட வேண்டும்; எந்தப் பாதையும் மற்றொன்றைக் கடக்கக் கூடாது. இது பழைய புதிர். ஒரே தாளில் முடியவே முடியாது என்பது கணிதத்தில் நிறுவப்பட்டது. எந்தெந்த வலைகளை இப்படிக் கடக்காமல் வரையலாம் என்பதற்கான பொதுவிதியைப் போலந்து நாட்டுக் கணித அறிஞர் குரடோவ்ஸ்கி 1930-இல் வெளியிட்டார். மாணவர்களிடம் அதைச் சொல்லவில்லை. இருபது நிமிடங்கள் போராடினார்கள். எட்டுப் பாதை வரும், ஒன்பதாவது இடிக்கும்.

வானொலியைத் திருப்பிப் பார்த்த அதே மாணவன் கையை உயர்த்தினான். அவன் தாளில் ஒன்பதாம் பாதை பாதியில் நின்றது. அங்கே பென்சிலால் ஒரு துளை குத்தியிருந்தான். தாளைத் திருப்பினால், பின்பக்கத்தில் பாதை தொடர்ந்து ஓடி, இன்னொரு துளை வழியாக முன்பக்கம் வந்து கோயிலைச் சேர்ந்தது.

“சார், பின்னாடி போகக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்ல” என்றான்.

இருபுறமும் செம்புள்ள பலகைகளில் பொறியாளர்கள் செய்வது இதைத்தான் என்று சொல்லி, அவன் தாளைப் பலகையில் ஒட்டினேன். அதன் பின்னர் அட்டையில் அலுமினியத் தாளை வெட்டி ஒட்டி, இரண்டு உலர் மின்கலங்களையும் ஒரு சிறு விளக்கையும் வைத்து, கோடுகள் கடக்காமல் ஆளுக்கொரு சுற்று செய்தார்கள். அமிலமும் இல்லை, சூடும் இல்லை. ஆசிரிய நண்பர்கள் தங்கள் வகுப்பிலும் முயன்று பார்க்கலாம். செலவு மிகக் குறைவு.

வீட்டில் இப்போது இரண்டாவது பலகை நடக்கிறது. நீர்த்தொட்டி நிரம்பினால் ஒலிக்கும் மணி வேண்டும் என்று கேட்டவர் அம்மா. இம்முறை இடவலம் மாற்றி வரைந்த கட்டத்தாளை அவரிடமே கொடுத்து, பேனாவையும் கொடுத்தேன். முதலில் மறுத்தார். பிறகு, கோலமாவு எடுக்கும் விரல்களால் பேனாவைப் பிடித்து, ஒரே இழுப்பில் கோட்டை வரைந்தார். என் கோடுகளைப் போல் அவை கோணவில்லை. ஓரிடத்தில் என் தாளிலிருந்து விலகி வேறு வழியாகக் கொண்டுபோனார். ஏன் என்று கேட்டதற்கு, “இப்படிப் போனா ஈயம் வைக்க இடம் இருக்கும்” என்றார். சரியாகத்தான் இருந்தது.

ஒரு மூலையில் இடம் மீதி இருந்தது. அங்கே உங்கள் பெயரின் முதலெழுத்தை எழுதுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே எழுதினார். கரைசலிலிருந்து எடுத்து மையைத் துடைத்தபோது, மற்றச் செம்பெல்லாம் கரைந்து, கோடுகளோடு அந்த எழுத்தும் நின்றது.

அடுத்த வாரம் அந்தப் பலகையை வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். அந்த மாணவன் மீண்டும் கேட்டால், மூலையைப் பார்க்கச் சொல்வேன்.